அருகம்புல் பாத்திக்குள் ஏறுகிறது, ஓரத்துக்கு என்ன போடலாம்?

புதுப்பாத்தி

வணக்கம். வீட்டு முன்னால் புல்தரை, அதை ஒட்டிப் பூச்செடிப் பாத்திகள். சுவர் ஓரமாகப் போகும் பாத்தி நேர்க்கோடு. நடுவில் ஒரு பெரிய மரம், அதைச் சுற்றி வளைவாக இன்னொரு பாத்தி. புல் அருகம்புல் வகை. நல்ல மழை ஒன்று பெய்துவிட்டால் போதும், எது புல்தரை எது பாத்தி என்று தெரியாமல் போய்விடுகிறது. முன்பு குடியிருந்தவர்கள் கறுப்பு பிளாஸ்டிக் பட்டை பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அது பாதி இடத்தில் மண்ணைவிட்டு எழும்பி, புல் வெட்டும் மெஷினில் அடிபட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

செங்கல், இரும்புத் தகடு, கான்கிரீட், கருங்கல் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பார்க்கவும் வெட்டினாற்போல் சுத்தமாக இருக்க வேண்டும், புல்லும் உள்ளே வரக்கூடாது. எதைப் போடலாம்?

செம்மண்

கண்ணை மூடிக்கிட்டு செங்கல் வையுங்க. வேற யோசனையே வேண்டாம்.

வேர்பிடி

கண்ணை மூடிக்கொண்டு வைத்தால், திறக்கும்போது செங்கலுக்குச் செங்கல் இடையில் புல் நிற்கும். :)

புதுப்பாத்தி, எதைப் போடலாம் என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். மண் எப்படி, களியா மணலா? ஈர மண்ணை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பாருங்கள். அப்புறம், அந்தப் பிளாஸ்டிக் பட்டை இருக்கும் இடத்தில் ஒரு முழம் நீளத்துக்குத் தோண்டி, புல் மேலே ஏறி வருகிறதா, அடியில் நுழைந்து வருகிறதா என்று பாருங்கள். இது தெரியாமல் என்ன சொன்னாலும் குருட்டாம்போக்குத்தான்.

புதுப்பாத்தி

பார்த்தேன். உருட்டினால் திரியாக வருகிறது, வளைத்தால் விரிசல் விடுகிறது. ரொம்பக் களியும் இல்லை, மணலும் இல்லை.

புல் இரண்டு வழியிலும் வருகிறது. மேலே கொடி மாதிரி ஓடி வந்து பட்டையைத் தாண்டுகிறது. தோண்டியபோது பட்டைக்குக் கீழே வெள்ளையாக, கூர்முனையோடு தண்டுகள் இருந்தன. இரண்டு பட்டைகள் சேரும் இணைப்பில் ஒரு கொத்தே நுழைந்து வந்திருக்கிறது.

வேர்பிடி

நினைத்ததுதான். ஓரம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். புல் எப்படி நகர்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

அருகம்புல்லுக்கு இரண்டு கால்கள். ஒன்று தரைமேல் ஓடும் ஓடுதண்டு, கணுவுக்குக் கணு வேர்விட்டுக்கொண்டே போகும். இன்னொன்று நீங்கள் பார்த்த வெள்ளைத் தண்டு, மண்ணுக்கடியில் ஓடுவது. அதில் பெரும்பங்கு மேல்மண்ணின் 15 செ.மீ.க்குள் இருக்கும், சில இன்னும் ஆழத்துக்கும் இறங்கும். உங்கள் பிளாஸ்டிக் பட்டை எவ்வளவு ஆழம்? 10 செ.மீ. இருந்தால் அதிகம். கீழேயும் வழி, மேலேயும் வழி, நடுவில் இணைப்பு என்று மூன்றாவது வழி.

கிக்குயூ புல்லுக்கும் இதே கதை. செயின்ட் அகஸ்டின் புல்லுக்கு மேல் ஓட்டம் மட்டும்தான், அடியில் வராது, அதைத் தடுப்பது சுலபம். டால் ஃபெஸ்கியூ பெரும்பாலும் குத்தாகவே நிற்கும், அதற்கு ஓரமே பாதி அலங்காரம். ஒருவர் தோட்டத்தில் அருமையாக வேலை செய்த பட்டை இன்னொருவர் தோட்டத்தில் தோற்றுப்போவது இதனால்தான்.

என் கட்சி இது: அருகம்புல்லுக்குச் சுவர் எழுப்புவதைவிடப் பள்ளம் வெட்டுவது மேல். சுவர் எதுவானாலும் அது ஒட்டி வளரும், அடியில் தேடும், இண்டு இடுக்கில் நுழையும். பள்ளத்தில் வெறும் காற்றுதான். மேலே ஓடி வருகிற கொடி அந்தரத்தில் தொங்கும், அடியில் வருகிற தண்டு வெட்டிய முகத்தில் வெள்ளையாக நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டும் கண்ணில் படும். கத்தரித்தால் தீர்ந்தது.

இரும்புக்கரை

சார், கேட்க நல்லாத்தான் இருக்கு. கத்தரிக்கிறது யாரு? மழைக்காலத்துல மாசம் ஒரு தடவை குனிஞ்சு கத்தரிக்கணும், வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை பள்ளத்தையே மறுபடி செதுக்கணும். இடுப்பு வலிக்காரங்க என்ன பண்றது?

நான் தகடு கட்சி. 3 மி.மீ. தடிமன், 15 செ.மீ. உயரம். அதுல முக்கால்வாசிக்கு மேல மண்ணுக்குள்ள போயிடும், வெளியில தெரியறது 1 அல்லது 2 செ.மீ. தான். பென்சில்ல கோடு போட்ட மாதிரி நிக்கும். வளைவும் அழகா வரும். துண்டுக்குத் துண்டு மேல ஏத்தி முளை அடிச்சுட்டா இணைப்புல இடைவெளி கிடையாது.

துருவைப் பத்தி யாராவது கேப்பீங்க. வெதரிங் ஸ்டீல்னு ஒரு வகை இருக்கு. மேல ஒரு துருப்படலம் கட்டி, உள்ள அரிக்கிறதை மெதுவாக்கும். ஆனா ஆரம்பத்துல மழைத்தண்ணியோட துரு வழியும், பக்கத்துல வெளிர் நிறத் தளக்கல் இருந்தா கறை பிடிக்கும். அங்க அலுமினியம் போடுங்க. லேசு, துருவும் பிடிக்காது. ஆனா மெலிசானது சுலபமா நசுங்கும்.

நிழற்செடி

தகட்டின் மேல்விளிம்பைப் பற்றியும் சொல்லிவிடுங்கள் அண்ணா. வெறுங்காலில் ஓடும் குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் மேல்முனை மடித்ததாகவோ உருட்டியதாகவோ இருக்க வேண்டும். மெல்லிய தகட்டின் மடிக்காத விளிம்பு காலைக் கிழித்துவிடும்.

இரும்புக்கரை

சரிதான். அதைச் சொல்லாம விட்டது தப்பு.

செம்மண்

செங்கலைப் பத்தி யாரும் பேச மாட்டேங்கறீங்களே!

நூல்மட்டம்

நான் பேசுகிறேன். செங்கல் நல்ல ஓரம்தான், அடியில் வேலை செய்தால். வெறும் மண்மேல் வரிசையாக அடுக்கி, சாய்த்து நட்டுப் பல் பல்லாக வைப்பதை ஓரம் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு மழையில் ஒன்று முன்னால் சாயும், ஒன்று பின்னால் சாயும். இடைவெளி எல்லாம் புல்லுக்குக் கொடுத்த வாடகை வீடு.

செய்கிற முறை: நூல் கட்டிக்கொள்ளுங்கள். செங்கல் உயரத்தோடு அடித்தளத்துக்கும் சேர்த்துப் பள்ளம் எடுங்கள். அடியில் 5 முதல் 10 செ.மீ. சன்ன ஜல்லி போட்டுக் கெட்டியாக இடியுங்கள். அதன்மேல் 2.5 செ.மீ. அளவுக்குச் சாந்து விரித்துச் செங்கலைப் பதியுங்கள். மற்றப் புல்லுக்கு வெறும் மணலில் பதித்து மணலையே இடுக்கில் போட்டாலும் போகும். அருகம்புல்லுக்கு அது ஆகாது. இடுக்கைச் சாந்து வைத்து அடைத்தே ஆக வேண்டும்.

உயரம் ரொம்ப முக்கியம். செங்கலின் மேல்முகம் புல்தரை மண்ணுக்கு ஒரு செ.மீ. மேலே இருந்தால் போதும். அப்போது மெஷினின் ஒரு சக்கரம் செங்கல்மேல் உருண்டு போகும், பிளேடு ஓரப் புல்லையும் சேர்த்து வெட்டிவிடும், தனியாகக் கத்தரிக்கும் வேலை பாதியாகக் குறையும். செங்கலைத் தூக்கி நிறுத்தினால் மெஷின் கிட்டப் போகாது. ஒட்டி ஒரு கீற்று முடி வெட்டாமல் விட்டது போல் நிற்கும், அதற்கென்று தனியாக இன்னொரு கருவி எடுத்துக்கொண்டு அலைய வேண்டும். பட்டை அகலம் சக்கரத்தைத் தாங்க வேண்டும், ஒற்றைச் செங்கலை நீளவாக்கில் வைத்தால் சக்கரம் நழுவும். குறுக்குவாக்கில் வையுங்கள்.

செங்கல் வாங்கும்போது இரண்டை எடுத்துத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்தது. சத்தம் மொத்தென்று இருந்தால் அதைச் சுவருக்குள் பூச்சுக்கடியில் வைக்கலாம், ஈர மண்ணில் வைத்தால் மேல்தோல் உரிந்து பொடியாகும்.

கான்கிரீட் ஊற்றுவதாக இருந்தால் ஏறக்குறைய மீட்டருக்கு ஒரு வெட்டு விட்டுவிடுங்கள். விடாவிட்டால் அதுவே தனக்குப் பிடித்த இடத்தில் விரிசல் விட்டுக்கொள்ளும்.

சும்மாபார்வை

இவ்வளவு எதுக்கு? ஓரத்துல கல் உப்பைத் தூவி விட்டா புல்லே முளைக்காதே.

வேர்பிடி

பாத்தியில் பூவும் முளைக்காது. உப்பு போட்ட இடத்திலேயே உட்கார்ந்திருக்காது, தண்ணீரோடு நகரும். களி கலந்த மண்ணில் சோடியம் சேர்ந்தால் மண்ணின் பொலபொலப்பே கெட்டு, மேலே ஏடு கட்டி, தண்ணீர் இறங்காது. தயவுசெய்து வேண்டாம்.

சும்மாபார்வை

அப்போ களைக்கொல்லி?

நூல்மட்டம்

கிளைபோசேட் அடித்த ஓரத்தைப் பார்த்ததுண்டா? ஒரு சாண் அகலத்துக்கு மஞ்சளாகச் செத்த பட்டை. வேர் செத்ததும் பிடிமானம் போய் அந்த மண் மழையில் கரைந்து ஓடும். காற்றடித்தால் பூச்செடிமேல் தெளித்துவிடும். சுத்தமான ஓரம் வேண்டும் என்று கேட்டவருக்கு இதுவா பதில்?

புதுப்பாத்தி

எல்லோருக்கும் நன்றி. குழப்பம் கொஞ்சம் தெளிகிறது. வேர்பிடி சார், பள்ளம் வெட்டுவதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். எத்தனை ஆழம், எந்தக் கருவி?

வேர்பிடி

முதல்நாள் தண்ணீர் பாய்ச்சிவிடுங்கள், அல்லது மழைக்கு மறுநாள் இறங்குங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும், காலில் ஒட்டும் சேறாக இருக்கக்கூடாது. காய்ந்த மண்ணில் வெட்டினால் விளிம்பு உதிரும், சேற்றில் வெட்டினால் வழுவழுவென்று அப்பிக்கொள்ளும்.

பள்ளத்துக்கு இரண்டு முகம். புல்தரைப் பக்கம் செங்குத்தாக 10 முதல் 15 செ.மீ. உங்கள் புல்லுக்கு 15க்கே போங்கள். பாத்திப் பக்கம் சரிவு, பள்ளத்தின் அடியிலிருந்து பாத்தியை நோக்கிச் சாய்வாக ஏறும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் சறுக்கல்.

செங்குத்து முகத்துக்குத் தட்டையான நேர்வாய் ஸ்பேடு, அல்லது ஓரம் வெட்டுவதற்கென்றே உள்ள அரைவட்ட வாய்க் கருவி (எட்ஜர்). ஒரு நீளப் பலகையை நூலை ஒட்டிப் புல்மேல் போட்டு, அதன்மேல் நின்று, பலகை விளிம்பை ஒட்டியே காலால் மிதித்து இறக்குங்கள். பலகை கோட்டையும் காப்பாற்றும், உங்கள் எடையில் விளிம்பு நசுங்காமலும் காக்கும். ஒவ்வொரு வெட்டும் முந்தைய வெட்டின்மேல் கொஞ்சம் ஏற வேண்டும், இல்லாவிட்டால் நடுநடுவே சின்னத் தொடர்பு விட்டுப்போகும், புல் அதைப் பிடித்துக்கொள்ளும். அரத்தால் ஸ்பேடு வாயை முதலிலேயே தீட்டிவிடுங்கள். மொட்டை வாய் வேரை வெட்டாது, இழுத்துப் பிய்க்கும்.

செம்மண்

மண்வெட்டி இருக்கும்போது ஸ்பேடு எதுக்கு? எங்க கைக்கு மண்வெட்டிதான் பழக்கம்.

வேர்பிடி

மண்வெட்டியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் இலை காம்புக்கு உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும், நாம் நம்மை நோக்கி இழுக்கிறோம். அதனால் வெட்டு எப்போதும் சாய்ந்தே விழும். செங்குத்து முகத்துக்கு அது ஒத்துவராது. அதே சாய்வு பாத்திப் பக்கச் சறுக்கலுக்கு அளவெடுத்துச் செய்தது. முதலில் ஸ்பேடால் சுவர் முகத்தை வெட்டிவிட்டு, பாத்திக்குள் நின்று மண்வெட்டியால் மண்ணை இழுத்தால் வேலை சட்டென்று முடியும். இழுத்த மண்ணைப் பாத்தி நடுவுக்கே தள்ளிவிடுங்கள்.

செம்மண்

இது சரி. ஒத்துக்கறேன். செங்கலை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மணல்மேடு

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் மண் முழுக்க மணல். பள்ளம் வெட்டினால் அன்றைக்கே சரிந்துவிடுகிறது.

வேர்பிடி

மணலில் என் கட்சி செல்லாது. நூல்மட்டம் சொன்ன செங்கல் பட்டையோ, தகடோதான். தகட்டுக்கு முளையை நீளமாக எடுங்கள், மணலில் குட்டை முளை பிடிக்காது.

நிழற்செடி

எல்லோரும் மரத்தை மறந்துவிட்டீர்கள். புதுப்பாத்தியின் வளைவுப் பாத்தி பெரிய மரத்தைச் சுற்றி இருக்கிறது. அங்கே 15 செ.மீ. பள்ளமும் வேண்டாம், செங்கலுக்கு அடித்தளம் தோண்டுவதும் வேண்டாம். மரத்துக்கு உணவு இழுக்கும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேலாக, முதல் 30 முதல் 45 செ.மீ. மண்ணுக்குள்ளேயே பரவியிருக்கும். சுற்றி வட்டமாக வெட்டினால் எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் வேரை அறுத்தது போலாகும். 2.5 செ.மீ. தடிமனுக்கு மேல் ஒரு வேர் தென்பட்டால் அதைத் தொடாமல் கோட்டை நகர்த்துங்கள்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். மரத்தடியில் செங்கல் வட்டம் கட்டி, அதற்குள் மண்ணைக் கொட்டி மேடாக்கி, பூச்செடி நடுவார்கள். அடிமரத்தின் பட்டை ஈர மண்ணில் புதைந்து அழுகும், கீழிருக்கும் வேருக்குக் காற்றும் குறையும். மரம் உடனே சாகாது, மெல்ல நலியும். அதனால் காரணம் யாருக்கும் புரியாமலே போகும்.

இரும்புக்கரை

அப்போ மரத்தைச் சுத்தி என்னதான் பண்ணணும் மேடம்?

நிழற்செடி

ஒன்றும் நடாமல், காய்ந்த இலை, மரச்சீவல் இப்படி ஏதாவது 5 முதல் 7 செ.மீ. மூடாக்கு. அடிமரத்தை ஒட்டி ஒரு சாண் இடம் வெறுமனே விட வேண்டும். புல்லும் மூடாக்கும் சேரும் கோட்டில் ஆழம் போகாமல், களைக்கொத்தால் ஒரு விரல்கடை ஆழத்துக்குக் கீறல் மட்டும் போட்டு, தாண்டி வரும் கொடிகளைக் கையால் இழுத்துவிடலாம். வேலை கொஞ்சம் அதிகம்தான். மரத்துக்காகச் செய்ய வேண்டியதுதான்.

இந்த வட்டத்தால் இன்னொரு லாபம், புல் வெட்டுகிறவர் மரத்துக்குக் கிட்டேயே போக வேண்டியதில்லை. புல் வெட்டும் பிரஷ் கட்டரில் சுழலும் நைலான் நரம்பு அடிமரத்தில் அடித்தால் சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடுகிறோம். பட்டைக்கு உள்ளேதான் இலையில் தயாரான உணவு கீழிறங்கும் பாதை. அடிபட்ட கீறல்கள் சுற்றிவர ஒன்று சேர்ந்தால் வேர் பட்டினி கிடந்து மரம் காய்ந்துவிடும். இளமரத்துக்கு இது சீக்கிரமே நடக்கும்.

புதுப்பாத்தி

எங்கள் மரத்தின் அடியில் அப்படிக் கீறல்கள் நிறைய இருக்கின்றன. இப்போதுதான் போய்ப் பார்த்தேன். நல்லவேளை ஒரு பக்கம்தான்.

வளைவை எப்படிப் போடுவது? சீராக வரவே மாட்டேன் என்கிறது.

நூல்மட்டம்

ஹோஸ் பைப்பை வெயிலில் கொஞ்ச நேரம் போட்டு இளக்கிக்கொண்டு தரையில் வளைத்து வையுங்கள். வட்டம் என்றால் மரத்தைச் சுற்றித் தளர்வாகக் கயிற்று வளையம் போட்டு, அதில் குச்சி கட்டி இழுத்துக்கொண்டே சுற்றி வந்தால் போதும். கிட்ட நின்று பார்க்காதீர்கள், மாடியிலிருந்தோ வாசலிலிருந்தோ பாருங்கள். கோணல் அப்போதுதான் தெரியும். பிடித்திருந்தால் பைப் ஓரமாகச் சுண்ணாம்புத் தூள் தூவிவிட்டுப் பைப்பை எடுத்துவிடுங்கள்.

வெட்டும் முன் ஒரு வேலை. மெஷினை ஓட்டாமல் சும்மா தள்ளிக்கொண்டு அந்தக் கோட்டோடு ஒரு சுற்று போங்கள். எங்கே நிறுத்திப் பின்னால் இழுத்துத் திரும்ப வேண்டியிருக்கிறதோ அந்த வளைவு அதிகம், நீட்டிவிடுங்கள். நெளிநெளியாகப் போட்ட ஓரம் படத்தில் அழகு, புல் வெட்டுகிறவனுக்கு நரகம்.

இரும்புக்கரை

பிளாஸ்டிக் ஏன் எழும்புச்சுன்னு யாரும் சொல்லலையே. சுருளா வந்த பட்டை, சுருளவே பார்க்கும். களிமண் நனைஞ்சா உப்பும், காஞ்சா சுருங்கும், ஒவ்வொரு தடவையும் பட்டையை கொஞ்சம் மேல தள்ளும். குளிர் நாட்டுல மண் உறையறதாலயும் இதே ஆகும். முளை அடிக்காம விட்டா சொல்லவே வேண்டாம்.

செம்மண்

மரக்கட்டை வைக்கலாமா? பழைய ரயில்வே கட்டை பார்க்க கம்பீரமா இருக்கும்.

நிழற்செடி

பழைய ரயில்வே கட்டைகளில் பெரும்பாலும் கிரியோசோட் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஊறியிருக்கும். கீரை, காய்கறிப் பாத்தி ஓரத்தில் கூடவே கூடாது. மருந்தேற்றிய பழைய கட்டைகளில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த கரைசல் இருக்க வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டு உபயோக மரங்களுக்கு அதை ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கட்டையை நான் வைக்க மாட்டேன். மருந்தில்லாத மரம் என்றால் கரையான் பார்த்துக்கொள்ளும்.

புதுப்பாத்தி

முடிவு செய்துவிட்டேன். சுவர் ஓரத்து நேர்ப்பாத்திக்குச் செங்கல் பட்டை, நூல்மட்டம் சொன்னபடி. மரத்தைச் சுற்றி நிழற்செடி அக்கா சொன்ன மூடாக்கு வட்டம். வாசல் பக்கத்துச் சின்னப் பாத்தி ஒன்று மீதி இருக்கிறது, அங்கே பள்ளம் வெட்டிப் பார்க்கிறேன்.

செம்மண்

நான் அப்பவே சொன்னேன்!

நூல்மட்டம்

நீங்கள் சொன்னது கண்ணை மூடிக்கொண்டு. :)

புதுப்பாத்தி, தோண்டும் முன் அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயோ மின்சாரக் கம்பியோ ஆழமில்லாமல் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறதோ அந்தப் பக்கத்துச் செங்கலை உயர்த்திவிடாதீர்கள், பாத்தி குளமாகும். பட்டை புல்தரையின் சரிவோடு சேர்ந்து போகட்டும், மட்டம் பிடிக்கிறேன் என்று ஒரு முனையைத் தூக்க வேண்டாம்.

வேர்பிடி

பள்ளம் வெட்டும் பாத்தியில் மூடாக்கை ஓரம் வரை கொட்டாதீர்கள். சறுக்கலின் பாதியோடு நிறுத்துங்கள். பள்ளம் நிரம்பிவிட்டால் புல்லுக்கு நாமே பாலம் கட்டிக் கொடுத்ததாகிவிடும். கோரைக்கிழங்கு இருந்தால் அது வேறு வழக்கு. எந்த ஓரமும் அதைத் தடுக்காது, கிழங்கோடு தோண்டி எடுப்பதுதான் வழி.

புதுப்பாத்தி

கடைசியாக ஒன்று. வெட்டி எடுத்த புல்கட்டிகளை உரக்குழியில் போடலாமா?

வேர்பிடி

அப்படியே போடாதீர்கள். அருகம்புல் தண்டில் ஒரு கணு உயிரோடு இருந்தாலும் முளைத்துவிடும், அந்த உரத்தைப் பாத்தியில் போடும்போது புல்லையும் சேர்த்து நடுவீர்கள். மண்ணை உதறிவிட்டு, சிமெண்ட் தரையில் பரப்பி, ஒடித்தால் பட்டென்று ஒடியும்வரை வெயிலில் காயவிட்டு அப்புறம் போடுங்கள். மழை வரும்போல் இருந்தால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், நனைந்தால் திரும்பத் துளிர்க்கும்.